இடது பக்கம் ஒன்றரை இஞ்ச்

போன மாதம் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மாட்டிக் கொடுக்க வந்தவர் எல்லா ஒயரையும் சொருகி முடித்துவிட்டு, "எல்லாம் டீஃபால்ட்லயே இருக்குதுங்க, எதையும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்குவதற்குள் நான் தொட்டுவிட்டேன். வேர்டில் புதுப் பக்கம் திறந்தால் எழுத்து வேறு, வரிகளுக்கு நடுவே இடைவெளி வேறு. ஒரு என்டர் தட்டினால் தானாக அரை வரி தள்ளிப் போய் நிற்கிறது. யார் கேட்டார்கள் இதை? கலெக்டர் ஆபீசுக்கு மனு அடிக்கிற கடைக்கு இந்த ஒய்யாரம் எதற்கு?

எழுத்தின் அளவைப் பதினான்கு ஆக்கினேன். இந்த ஒரு கோப்புக்கு மட்டுமா, இனிமேல் திறக்கப் போகிற எல்லாவற்றுக்குமா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. எல்லாவற்றுக்கும் என்று அழுத்தினேன். பிறகு இடது ஓரத்தை ஒன்றரை இஞ்ச் ஆக்கி அதையும் அப்படியே நிலையாக்கினேன். வேலை முடிந்தது. ஆனால் கை மவுஸை விட்டு எழவில்லை.

அந்த ஒன்றரை இஞ்ச், முன்பு இந்தக் கடையில் என்னோடு மனு அடித்தவளுடைய அளவு. என்னுடையது முக்கால் இஞ்ச்தான், கூடவே பக்கத்தைச் சுற்றி இரட்டைக் கோட்டில் ஒரு பார்டர். அந்த பார்டருக்காக நான் போட்ட சண்டையை இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

கடை அப்போது சச்சாவுடையது. என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தம்பி அவர். எனக்குச் சச்சா, மற்ற எல்லோருக்கும் பாய். கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு பிரியாணிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே எங்கள் கடை நெருக்கிக்கொண்டு நின்றது. இப்போதும் அங்கேதான் நிற்கிறது. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், மூன்று ஸ்டூல். கம்ப்யூட்டர் ஒன்றுதான் என்றாலும் அடிப்பதற்கு இரண்டு பேர் இருந்தோம். காலையில் அவள், மதியத்துக்கு மேல் நான். நான் காலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விட்டு வருவேன். அவள் ரிஷிவந்தியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அடித்துவிட்டு, மதியம் திரும்பிப் போய் அவள் அம்மாவோடு களை வெட்டப் போவாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது.

அவள் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். கண் கையெழுத்துத் தாளில் இருக்கும், விரல்கள் பாட்டுக்கு ஓடும். திரையை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்ப்பேன். அடித்ததை விட அழகு பார்த்ததுதான் அதிகம். தலைப்புக்கு நிழல் போடுவேன். 'பெறுநர்' என்பதற்குக் கீழே கோடு போட்டு அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போடுவேன். முதியோர் பென்ஷன் கேட்டு வருகிற மனு கல்யாணப் பத்திரிகை மாதிரி போகும்.

நான் மதியம் வந்து உட்கார்ந்ததும் என் அளவுகளை வைத்து, எல்லாவற்றுக்கும் என்று அழுத்துவேன். மறுநாள் காலை அவள் வந்து தன் அளவுகளை வைத்து, எல்லாவற்றுக்கும் என்று அழுத்துவாள். நேரில் ஒரு வார்த்தை வாக்குவாதம் கிடையாது. எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான். பல மாதங்கள் இது நடந்தது. நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் என்ன நினைத்ததோ தெரியாது.

இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது மதியம் அரைமணி நேரம். ஸ்டூலை இழுத்துப் போட்டு, டப்பாவைத் திறந்து, என் வீட்டுச் சாப்பாட்டை அவளும் அவள் கொண்டுவந்த புளிசாதத்தை நானும் சாப்பிடுவோம். அப்போதும் செட்டிங்ஸைப் பற்றிப் பேச மாட்டோம். ஒரே ஒரு நாள் நான்தான் ஆரம்பித்தேன்.

"எதுக்குடி இவ்ளோ எடத்த இடது பக்கம் காலியா வுடற? பேப்பரு இன்னா உங்க வூட்டுதா?"

அவள் விரலை நக்கிக்கொண்டே சொன்னாள். "ஆபீசருங்க ஓரத்துலதான் எழுதுவாங்க. ஓட்ட போட்டு கயிறு கட்டினா பாதி எடம் அதுக்கே போயிடும். எழுத எடம் இல்லேன்னா எழுத மாட்டாங்கடி. அப்பறம் மனு அப்டியே கெடக்கும்."

அன்று மதியம் உட்கார்ந்ததும் வழக்கம்போல முக்கால் இஞ்ச் வைத்தேன். தப்பு என்று தெரிந்தாலும் தோற்பதற்கு மனசு வர வேண்டுமே.

கோபம் ஒருபுறம் இருந்தாலும் அந்தக் கடையைப் போல எனக்குப் பிடித்த இடம் வேறு இல்லை. ஜெராக்ஸிலிருந்து வருகிற தாளின் சூடு, பக்கத்துக் கடைத் தாளிப்பு வாசனை, பிரிண்டர் மூச்சு வாங்குகிற சத்தம். பலாப்பழக் காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து மனு கொடுக்க வருகிறவர்களின் பைகளிலேயே பழ வாசனை இருக்கும். வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி, நேரே கடைக்கு வந்து, "பாய், ஒரு மனு" என்று நிற்பார்கள். ரோடு வேண்டும், பட்டா வேண்டும், கரண்ட் கம்பம் சாய்ந்து கிடக்கிறது. அவள் கெட்டுப் போன பிரிண்ட்டைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்லச் சொல்லப் பேனாவால் எழுதுவாள். அவர்கள் சொல்லி முடிக்கிற வரை கீபோர்டைத் தொட மாட்டாள். நான் பாதியிலேயே அடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் ஒற்றுமை. அது ஆட்டோ கரெக்ட் பட்டியல். அடிக்கிற தப்பைத் தானாகத் திருத்துவதற்கு வேர்டில் இருக்கிற வசதி அது. இடது கட்டத்தில் நாம் அடிப்பது, வலது கட்டத்தில் அது எழுத வேண்டியது. அதைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தது நான். ஐமு என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் 'ஐயா, வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் மனு' என்று முழு வரியும் வந்து விழும். விமா என்றால் விழுப்புரம் மாவட்டம். எங்கள் ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, அதனால் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் பெயரை அடிக்க வேண்டியிருந்தது. அவளுக்குக்கூட அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நல்லா மூளடி உனுக்கு" என்றாள். அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிறகு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. பட்டாசு வெடித்தார்கள், பேனர் கட்டினார்கள், கலெக்டர் இங்கேயே வந்து உட்கார்ந்தார். எங்களுக்கு வேலை குவிந்தது. அவள் பட்டியலில் புதிதாக கமா என்று ஒன்றைச் சேர்த்தாள், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு. திரையில் எனக்கு ஒரு குறிப்பும் வைத்துவிட்டுப் போயிருந்தாள்: 'இனி விலாசத்துக்கு கமா. விமாவைத் தொடாதே. பழைய பேப்பர் எல்லாம் விழுப்புரம்தான், அதற்கு வேண்டும்.'

அந்தச் சமயத்தில்தான் சச்சா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"காலைல வந்தா ஒரு மாதிரி, மதியம் வந்தா ஒரு மாதிரி. ஒரே ஆளு வந்து ரெண்டு மனு அடிச்சிக்கினு போனா ரெண்டும் ரெண்டு விதமா இருக்குது. என்னையே வந்து கேக்கறாங்க. இந்த மாசம் போவட்டும், ஒருத்தரையே காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போட்டுடறேன். யாரு தப்பு கம்மியா அடிக்கிறாங்களோ அவங்க. அண்ணன் பொண்ணுன்னெல்லாம் நான் பாக்க மாட்டேன்."

எங்கள் சண்டையால் நாங்களே வரவழைத்துக்கொண்டது அது. அன்றைக்கு அவள் சாப்பிடும்போது, "முழு நாளும் கெடச்சா களை வெட்டப் போக வேணாம்டி" என்றாள். எனக்கும் அந்த நாற்காலி வேண்டும். அது போனால் நான் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் மறுநாளே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பதினைந்து நாளில் என் கணக்கில் மூன்று தப்பு சேர்ந்துவிட்டது. மூன்றும் ஒரே தப்பு. விரல் பழக்கத்தில் விமா என்று அடித்துவிடுவேன், விலாசத்தில் பழைய மாவட்டம் போய்விடும், மனுவைத் திருப்பிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவளிடம் ஒரு தப்பும் இல்லை. சச்சா என்னைப் பார்த்துத் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் மாலை கடையில் கூட்டம் இல்லை. நான் பட்டியலைத் திறந்தேன். விமாவுக்கு எதிரே இருந்த விழுப்புரத்தை அழித்துவிட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று போட்டேன். இனி விரல் எந்தப் பழக்கத்தில் ஓடினாலும் சரியாகத்தான் வரும். அவள் எழுதி வைத்த குறிப்பு மறக்கவில்லை. பழைய பேப்பரைக் குறிப்பிட்டு எவ்வளவு மனு வந்துவிடப் போகிறது, வந்தால் அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்ப்பதில்லை என்பதை நான் நினைத்தேனா, நினைக்கவில்லையா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

மறுநாள் காலை மலையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். மகளைக் காலேஜில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும், சேர்க்கைக்கு மறுநாள்தான் கடைசி. அதற்கு அவருடைய பழைய சான்றிதழைக் காட்டி ஒரு மனு. அவள் விலாசத்துக்கு கமா அடித்தாள். பழைய சான்றிதழ் கொடுக்கப்பட்ட இடத்துக்கு விமா அடித்தாள். ஒன்றரை இஞ்ச் ஓரம் விட்டு, கை ரேகைக்கு இடம் விட்டு, எல்லாம் ஒழுங்காக. அவர் வாங்கிக்கொண்டு போனார்.

நான் சாப்பாட்டு டப்பாவோடு கடைக்குள் நுழைந்தபோது அவர் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் அதே மனு. ஆபீசில் ஒரு வரியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். பழைய சான்றிதழ் கொடுத்த வருஷத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று ஒன்று ஏது, சான்றிதழே பொய்யா என்று கேட்டார்களாம். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அந்த மனிதர் தாளை நீட்டி நீட்டிக் காட்டி, "பொய்யில்லீங்க பாய், எங்கப்பா காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கோம்" என்று சச்சாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார், ஏதோ சச்சாதான் விசாரிக்கிறவர் போல.

சச்சாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா இது? ஒரு பொண்ணு படிப்பும்மா!"

"நான் விழுப்புரம்னுதான் அடிச்சேன் பாய்" என்றாள்.

"நீ விழுப்புரம்னு அடிச்சா கம்ப்யூட்டரு தானா கள்ளக்குறிச்சின்னு மாத்திக்குமா?"

மாற்றும். அந்தக் கடையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பேச்சுக்கு நடுவே, உன் முறை என்பது போல ஒருவர் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். நான் டப்பாவை எங்கே வைப்பது என்று தேடுவது போலக் குனிந்தேன். யார் மாற்றியது என்று அந்தப் பட்டியலில் எழுதியிருக்காது. அதில் பெயர் இல்லை, நேரம் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் மறுபடி அடித்தாள். இந்த முறை விழுப்புரம் மாவட்டம் என்பதை எழுத்தெழுத்தாக, திரையைப் பார்த்து. அந்த மனிதர் தாளை வாங்கிக்கொண்டு ஓடினார். ஆபீஸ் மூடுவதற்குள் கொடுத்துவிட்டார். அவருடைய மகள் காலேஜில் சேர்ந்த செய்தி பின்னால் எங்களுக்கு வந்தது, கூடவே ஒரு பை கடுக்காயும் வந்தது.

ஆனால் சச்சா அன்றே முடிவு செய்துவிட்டார். என் மூன்று தப்பும் விலாசத் தப்பு. இது ஒரு மனிதரைப் பொய்யர் ஆக்கிய தப்பு. "நாளைலேர்ந்து வேணாம்மா, மனசுல எதுவும் வெச்சிக்காத" என்று அவளிடம் மெதுவாகத்தான் சொன்னார். அவள் தன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள். கீபோர்டுக்கு மேல் துணியைப் போட்டு மூடினாள், அது அவள் தினமும் செய்வது. "வரேன் பாய்" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் விமாவைப் பழையபடி மாற்றி வைத்தேன். சில நாள் கழித்து இடது ஓரத்தையும் ஒன்றரை இஞ்ச் ஆக்கினேன். அதன் பிறகு யாரும் அதைத் திருப்பி மாற்றவில்லை. காலையில் வந்து புதுப் பக்கம் திறந்தால், நேற்று நான் வைத்தது அப்படியே இருக்கும். அதைப் போல ஒரு வெறுமை நான் அனுபவித்ததில்லை. முக்கால் இஞ்ச் வைத்துவிட்டுப் போய், காலையில் ஒருத்தி வந்து திட்டிக்கொண்டே மாற்றுவாள் என்று எண்ணிச் சிரித்த நாட்கள் எவ்வளவு நல்ல நாட்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. சச்சா முட்டி வலியால் வீட்டோடு இருக்கிறார், கடை என் கையில். பார்டர் போடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

புதுக் கம்ப்யூட்டரில் ஒன்றரை இஞ்ச் வைத்த அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியத்துக்கு பஸ் ஏறினேன். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி அவள் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கண்ணாடி போட்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"இன்னாடி, வழி தப்பி வந்துட்டியா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டாள், டீ சொன்னாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். அவளுடைய திரையில் பாதி அடித்த மனு ஒன்று இருந்தது. இடது பக்கம் தாராளமாகக் காலி. டீ ஆறிக்கொண்டிருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அன்னிக்கி அந்தப் பட்டியல்ல விமாவ மாத்தினது நான்தான்."

அவள் தாள்களை ஒன்றுசேர்த்துத் தட்டி, ஸ்டேப்லர் பின் அடித்தாள். "தெரியும்."

"அப்பவேவா?"

"அப்பவேதான். அந்தப் பட்டியல தொடறது வேற யாரு?"

"அப்பறம் ஏன்டி சச்சாகிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொன்னாள். "கடைல சொல்லல, சரி, பாய் எதிர்ல பயந்துட்ட, பின்னாடியே வந்து சொல்லுவேன்னு பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தேன். நம்ம ஊரு பஸ்ஸு ரெண்டு வந்துச்சி, ரெண்டையும் வுட்டுட்டேன். அப்பறம் இருட்டிக்கினு வந்துச்சா, மூணாவதுல ஏறிட்டேன்."

கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். அன்று மாலை கடையில் ஒரு ஆள்கூட இல்லை. நான் அவள் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, சுற்றிலும் இரட்டைக் கோட்டில் பார்டர் போட்டுக்கொண்டிருந்தேன்.